மாடிப்படிக்கு அடியில் ஒரு பட்டப்படிப்பு

அந்தக் கல்லூரியில் சுற்றுச்சூழல் படிப்புக்கென்று தனி அறை கிடையாது. வேதியியல் துறை தன் கட்டடத்தில் இடமில்லை என்றது. பொருளியல் துறை இடம் தரலாம், ஆனால் படிப்பு தங்கள் பெயரில் நடக்க வேண்டும் என்றது. கடைசியில் இரண்டு கட்டடங்களும் ஒட்டுகிற மூலையில், மாடிப்படிக்கு அடியில், ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளும் ஓர் இரும்பு பீரோவும் போட்டுக் கொடுத்தார்கள். பீரோவை முழுக்கத் திறக்க வேண்டுமானால் நாற்காலியில் இருப்பவர் எழுந்து நிற்க வேண்டும். மணி அடித்தால் தலைக்கு மேல் முந்நூறு பேர் இறங்கிப் போவார்கள்.

அந்த நாற்காலிக்கு உரியவர் நப்பின்னை. வயது முப்பத்தாறு. படிப்பின் ஒருங்கிணைப்பாளர் என்று அட்டையில் எழுதி பீரோவில் ஒட்டியிருந்தது. செவ்வாய்க்கிழமை மதியம் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்த மாணவர் அர்த்தநாரி. வயது ஐம்பத்து நான்கு.

சேர்க்கை விதிகளில் வயது வரம்பு இல்லை என்று போட்டிருந்தது. அர்த்தநாரி வரும்வரை யாரும் அதைச் சோதித்துப் பார்த்ததில்லை. பேரூராட்சியில் இருபத்தாறு வருடம் குடிநீர் மோட்டார் ஆபரேட்டராக இருந்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, பிளஸ் டூ சான்றிதழைத் தேடி எடுத்து வந்து முதலாண்டில் சேர்ந்தார். வகுப்புப் பையன்கள் அவரைப் பெரியப்பா என்றார்கள். நப்பின்னை முதல் நாள் ஐயா என்று கூப்பிட்டார். அர்த்தநாரி நெளிந்ததைப் பார்த்து மறுநாளிலிருந்து பெயரைச் சொன்னார். நீங்க என்பது மட்டும் போகவில்லை.

மேசை மேல் படிவம் இருந்தது. இரண்டாம் ஆண்டில் விருப்பப் பிரிவு ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். ஐந்து கட்டங்கள். நீரும் நிலமும், சூழலும் உடல்நலமும், சூழலும் பொருளாதாரமும், சூழலும் சட்டமும், சூழலும் சமூகமும். முதல் இரண்டில் ஒன்றை எடுத்தால் பி.எஸ்சி. மற்றதை எடுத்தால் பி.ஏ. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் கொடுக்க வேண்டும். ஒருமுறை டிக் போட்டால் மாற்ற முடியாது என்று அடியில் தடித்த எழுத்தில் இருந்தது.

"மேடம், எதுல டிக் போடறது?"

நப்பின்னை தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இடதுபக்கம் திருத்த வேண்டிய விடைத்தாள்கள்.

"ஏதாவது ஒண்ணுல போடுங்க."

அர்த்தநாரிக்கு எரிச்சல் வந்தது. அந்த வாரத்தில் இதே கேள்வியை அவர் கேட்பது மூன்றாவது முறை. மூன்று முறையும் இதே பதில். பதினெட்டு வயதுப் பையனிடம் ஏதாவது ஒன்று என்று சொல்லலாம். அவனுக்குத் தப்பாகப் போனாலும் திரும்பி வர நேரம் இருக்கிறது.

நப்பின்னையிடம் மட்டும் கேட்டுவிட்டு அவர் சும்மா இருக்கவில்லை. எல்லாத் துறைக்கும் போய் வந்திருந்தார். வேதியியல்காரர், நீரை முதலில் சோதனைக்குழாயில் பிடி, மற்றதெல்லாம் கதை என்றார். உடல்நலப் பாடம் எடுக்கிற அம்மாள், கடைசியில் எல்லாம் உடம்பில்தான் வந்து நிற்கிறது என்றார். பொருளியல்காரர், எதற்கு யார் செலவு செய்கிறார் என்று பார்க்காதவனுக்கு ஒன்றும் புரியாது என்றார். வாரம் ஒருநாள் வருகிற வக்கீல், உத்தரவு இல்லாமல் ஒரு குழாய்கூடத் திறக்காது, அது உமக்கே தெரியுமே என்றார். சமூகவியல்காரர் டீ வாங்கிக் கொடுத்தார். பி.ஏ. எடுத்தால் ஆய்வகத்துக்குள் விடமாட்டார்கள் என்று ஒருவர் சொன்னார். பி.எஸ்சி. எடுத்தால் ஒரு தெருவுக்குள் போகத் தெரியாது என்று இன்னொருவர் சொன்னார். ஐந்து பேரும் நன்றாகத்தான் பேசினார்கள். அதுதான் தொல்லை. ஒவ்வொருவர் அறையிலிருந்து வெளியே வரும்போதும் அர்த்தநாரி முடிவு செய்துவிட்டிருந்தார். அடுத்த அறை வரைக்கும் அது தாங்கியது.

"மேடம், நான் விளையாட்டுக்குக் கேக்கல. எனக்கு இன்னொரு டிகிரிக்கு வயசில்ல."

"எதுக்கு இந்தப் படிப்புல சேந்தீங்க?"

"அப்ளிகேஷன்லயே எழுதியிருக்கேனே."

"எல்லாரும் பூமியைக் காப்பாத்தணும்னு எழுதியிருப்பாங்க. நான் படிக்கறதில்ல."

அர்த்தநாரி சொன்னார். ஊரின் மேட்டுக் கோடியில் காளவாய்த் தெரு. கூட்டுக் குடிநீர் அந்த மேட்டுக்கு ஏறாது. தெருவுக்கென்று தனியாக ஓர் ஆழ்துளை போர். அதைத்தான் பதின்மூன்று வருடமாகக் குடிக்கிறார்கள். அங்கே பிள்ளைகளுக்கெல்லாம் முன்பல்லில் பழுப்புக் கோடு. பெண்பிள்ளைகள் சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வார்கள். தெருவே வெட்கப்படுகிற தெரு என்று அவர் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் ஏழு வயதுப் பிள்ளை ஒன்று வாயை மூட மறந்து சிரித்தது. அன்றைக்கு மத்தியானமே விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தார்.

"அது ஏன் அப்படி ஆச்சுன்னு தெரிஞ்சுக்கணும். எந்தப் பிரிவுல அது வரும்னு சொன்னீங்கன்னா போதும்."

நப்பின்னை டப்பாவை மூடினார். விடைத்தாள் கட்டிலிருந்து எழுதாத வெள்ளைத்தாள் ஒன்றை உருவி அவர் பக்கம் தள்ளினார்.

"காளவாய்த் தெருக்காரங்களுக்கு, அவங்க தண்ணிக்கு என்ன ஆச்சுன்னு ஒரு பக்கம் எழுதிட்டு வாங்க. அப்புறம் சொல்றேன்."

"எந்தப் பிரிவுல எழுதறது மேடம்?"

நப்பின்னை டப்பாவைப் பையில் போட்டார்.

"பேனாவுல எழுதுங்க."

புதன்கிழமை காலை, முதல் மணிக்கு முன்பே, அர்த்தநாரி ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். நூலகத்தில் மூன்று புத்தகங்களைப் பார்த்தும் நினைவிலிருந்தும் எழுதியது. ஒரு லிட்டர் நீரில் 3.4 மில்லிகிராம் ஃபுளூரைடு. இருக்க வேண்டியது ஒன்றரைக்குள். இருநூற்று நாற்பதடி வரை அவ்வளவாக இல்லை. எழுநூறடியில் இருக்கிற பாறையில் ஃபுளூரைடு அதிகம். பாறையில் பலகாலம் தேங்கிய நீர் அதைக் கரைத்துக்கொண்டு வருகிறது. ஓரத்தில் போர்க்குழியின் படம்கூட வரைந்திருந்தார்.

நப்பின்னை நின்றபடியே படித்தார்.

"பாறை நல்லா இருக்கு. தெரு எங்க?"

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் அர்த்தநாரி இரண்டாவது பக்கத்தைக் கொண்டுவந்தார். இப்போது தெரு இருந்தது. தெரு எத்தனை அடி மேட்டில் இருக்கிறது, கூட்டுக் குடிநீர் ஏன் ஏறாது, அதற்கென்று மேட்டில் ஒரு பெரிய தொட்டி கட்ட எந்தத் திட்டத்தில் இடம் இருக்கிறது, அது எந்த வருடம் எந்த மேசையில் நின்றது, எல்லாம் இருந்தது. பேரூராட்சியில் இருந்த ஆள் என்பதால் அவருக்கு அந்த நடை சரளமாக வந்தது. எழுதி முடித்தபோது பழக்கத்தில் அடியில் கையெழுத்துப் போடப் போய்விட்டார்.

நப்பின்னை இரண்டு வரி படித்தார்.

"இதுல யாருக்காவது பல்லு இருக்கா?"

"பல்லு?"

"இது பேரூராட்சிக்கு பேரூராட்சி எழுதற லெட்டர். அந்தத் தெருவுக்கு எழுதுங்க."

அர்த்தநாரி படிவத்தை எடுத்து முன்னால் வைத்தார். "மேடம், வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு."

"எனக்கும் அதே ரெண்டு நாள்தான். நாப்பது பேரு இந்தப் படிவத்தை எடுத்துக்கிட்டு இந்தப் படிக்கட்டுக்கு அடியில வந்து தலையில இடிச்சுக்கறாங்க. போங்க."

எழுந்திருக்கும்போது அர்த்தநாரியும் இடித்துக்கொண்டார்.

பஸ்ஸில் அவருக்கு மனசே ஆறவில்லை. இந்தப் பெண் தன்னைக் கேலி செய்கிறாளோ என்று தோன்றியது. மனதுக்குள் அவள் என்று நினைத்ததற்கு உடனே வெட்கமாகவும் இருந்தது. தபால் தலை ஒட்டுகிற வேலைக்குக்கூட எங்கே ஒட்ட வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். ஐந்து கட்டம், ஒரு டிக். அதைச் சொல்ல ஓர் ஆசிரியருக்கு என்ன கேடு. இவரிடம் படிக்க வந்ததற்கு வீட்டில் உட்கார்ந்து டி.வி. பார்த்திருக்கலாம்.

வியாழக்கிழமை மதியம், வண்டி நிறுத்துமிடத்தில் நப்பின்னை ஸ்கூட்டியை எடுக்கும்போது அர்த்தநாரி மூன்றாவது பக்கத்தை நீட்டினார். இதில் பல் இருந்தது. எத்தனை பிள்ளைகள், எந்த வயதில் கறை விழுகிறது, ஏன் அது தேய்த்தால் போகாது, காய்ச்சிக் குடித்தால் ஏன் போகாது, பெரியவர்களுக்கு முழங்காலும் முதுகும் ஏன் பிடித்துக்கொள்கிறது. முந்தின நாள் இருந்த கோபத்தில் எழுதியதால் வாக்கியங்கள் சின்னதாக இருந்தன.

நப்பின்னை ஸ்கூட்டியில் உட்கார்ந்தபடி முழுப் பக்கத்தையும் படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். அர்த்தநாரிக்கு நம்பிக்கை வந்தது.

"காலையில அந்தத் தெருவுக்குத் தண்ணி எப்படி வருது?"

"குழாயில வருது."

"குழாய்க்கு?"

"தொட்டியிலேர்ந்து. மோட்டார் போட்டா தொட்டிக்கு ஏறும்."

"யாரு போடுவாங்க?"

வெயில் கடுமையாக இருந்தது. அர்த்தநாரி பக்கத்து வண்டியின் கண்ணாடியைப் பார்த்தார். அதில் தெரிந்தது அவர் சட்டைப்பைதான், முகம் இல்லை.

"மூணு தாள்லயும் சேத்து பாறை இருக்கு, தொட்டி இருக்கு, பிள்ளைங்க இருக்காங்க. மோட்டாரு தானா ஓடுது" என்றார் நப்பின்னை. சாவியைத் திருப்பினார். "எனக்குப் பசிக்குது."

நப்பின்னைக்கு அந்த விஷயம் தெரிந்திருக்க நியாயமில்லை. அர்த்தநாரி அன்றைக்கு மதியம் வகுப்புக்குப் போகவில்லை. நூலகத்தின் கோடி மேசையில் உட்கார்ந்து, இவருக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்று முதலில் யோசித்தார். சொல்வதற்கு ஆளே இல்லை என்று தெரிந்தது. விஷயம் தெரிந்த இரண்டு பேரில் ஒருவர் மாற்றலாகிப் போய், ஓய்வு பெற்று, இறந்தும் போய்விட்டார். அப்புறம் பேனாவை எடுத்தார். நாலு பக்கத்துக்கு வரும் என்று நினைத்தது பதினோரு வரியில் முடிந்துவிட்டது.

ஐந்து மணிக்கு மாடிப்படிக்கு அடியில் போய் அதைக் கொடுத்தார். நப்பின்னை படித்தார். தலைக்கு மேல் கடைசி வகுப்புப் பிள்ளைகள் இறங்கிப் போகிற சத்தம் அடங்கும்வரை தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இதை எதுக்கு எங்கிட்டக் குடுக்கறீங்க?"

"நீங்கதானே மேடம் எழுதச் சொன்னீங்க."

"அவங்களுக்கு எழுதச் சொன்னேன்."

நப்பின்னை தாளைத் திருப்பி அவர் கையில் கொடுத்தார்.

"போய் அங்க வாசிங்க. அவங்க ஏதாவது கேப்பாங்க. அதுல எதுக்கு உங்களால பதில் சொல்ல முடியலையோ, அந்தப் பிரிவுல டிக் போடுங்க."

இது மட்டும் தெளிவாக இருந்தது. அர்த்தநாரி தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை அர்த்தநாரி காளவாய்த் தெருவுக்குப் போனார். ஐந்தரை மணிக்கு மோட்டார் போடுவது அவர் ஏற்படுத்திய வழக்கம். புதிதாக வந்த ஆபரேட்டரும் அதை மாற்றவில்லை. குழாயடியில் குடங்கள் வரிசையாக இருந்தன. ஆபரேட்டர் அண்ணா, காலேஜ் போறீங்களாமே, பரீட்சையில பக்கத்துப் பிள்ளையைப் பாத்து எழுதறீங்களா என்று பெண்கள் கேட்டார்கள். ஒருத்தி, அண்ணனுக்கு யூனிபாரம் உண்டா என்று கேட்டாள். வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் வாய்க்குப் போனதை அர்த்தநாரி பார்த்தார்.

சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தார். ஒரு விஷயம் வாசிக்க வேண்டும், எல்லாரும் கொஞ்சம் கேளுங்கள் என்றார். பிறகு வாசித்தார்.

"வறட்சி வருஷத்துல இந்த போர் வத்திப்போச்சு. எழுநூறடிக்கு இறக்கலாம்னு சொன்னவன் நான். தண்ணி வந்தப்ப எனக்கு நீங்க மாலை போட்டீங்க. ஆறு வருஷம் கழிச்சு இந்தத் தண்ணியச் சோதிச்ச ரிப்போர்ட் ஆபீசுக்கு வந்தது. குடிக்க லாயக்கில்லன்னு அதுல இருந்தது. அதிகாரி என்னைக் கூப்பிட்டுக் காட்டினாரு. அடுத்த உத்தரவு வரும்னு சொல்லி ஃபைல்ல வெச்சாரு. எனக்குப் படிக்கத் தெரியும். படிச்சேன். மறுநாள் காலையில அஞ்சரைக்கு மோட்டார் போட்டேன். அப்புறம் ஆறு வருஷம் போட்டேன். உத்தரவு வரல. நானும் கேக்கல."

குடம் நிரம்பி வழிந்தது. யாரும் நகர்த்தவில்லை.

மாராயி என்கிற பெண்ணின் குடம் அது. அவளுடைய மகளுக்கு மூன்று இடத்திலிருந்து பெண் பார்க்க வந்து, மூன்று இடத்திலும் பேச்சு நின்றுபோயிருந்தது. மாராயி குழாயை மூடினாள்.

அவள் பேசிய பேச்சை அர்த்தநாரி பிறகு யாரிடமும் சொல்லவில்லை. தாங்கிக்கொண்டு நின்றார். மாலை போட்டதை அவள் மறக்கவில்லை. அந்த மாலைக்குப் பூ கட்டினது தன் மகள் என்றாள். வேறு ஒருத்தி, காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடுமா என்று கேட்டாள். ஆகாது, ஏன் ஆகாது என்று அர்த்தநாரி சொன்னார். யாரிடம் மனுக் கொடுக்க வேண்டும் என்று இன்னொருத்தி கேட்டாள். அதையும் சொன்னார். எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. மூன்று நாளாக எழுதியதெல்லாம் நாக்கில் வந்து நின்றது.

மாராயி குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"இதை இப்ப வீட்டுக்குக் கொண்டுபோறதா, கீழ ஊத்தறதா?"

"குளிக்கலாம். துணி துவைக்கலாம். குடிக்கக் கூடாது, சோறாக்கக் கூடாது."

"சரி. குடிக்க?"

அர்த்தநாரி கையிலிருந்த தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"சொல்லு, நிக்கறேன்" என்றாள் மாராயி.

நின்றாள். வரிசையில் இருந்தவர்களும் நின்றார்கள். குடத்தின் அடியிலிருந்து சொட்டிய நீர் அவள் கால் மேல் விழுந்துகொண்டிருந்தது. பிறகு அவள் குடத்தோடு வீட்டைப் பார்த்துப் போனாள். அவளுக்குப் பின்னால் இருந்தவள் தன் குடத்தைக் குழாய்க்குக் கீழே வைத்தாள்.

மாலை மூன்றே முக்காலுக்கு மாடிப்படிக்கு அடியில் நப்பின்னை படிவங்களைக் கட்டு கட்டிக்கொண்டிருந்தார். முப்பத்தொன்பது இருந்தது. எழுத்தர் வந்து இரண்டு முறை கேட்டுவிட்டுப் போயிருந்தார்.

அர்த்தநாரி வந்து உட்கார்ந்தார். படிவத்தை எடுத்து மேசை மேல் வைத்தார். ஐந்து கட்டமும் காலியாக இருந்தது.

"வாசிச்சீங்களா?"

"வாசிச்சேன்."

"கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"எதுக்குப் பதில் தெரியல?"

"நாளைக்குக் காலையில எதைக் குடிக்கறதுன்னு."

நப்பின்னை கட்டின நூலை அப்படியே பிடித்திருந்தார்.

"இது எந்தப் பிரிவு மேடம்?" என்றார் அர்த்தநாரி. அவர் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "காலையிலேர்ந்து பாக்கறேன். பாடத்திட்டம் அஞ்சையும் வரிக்கு வரி பாத்துட்டேன். அஞ்சுலயும் இது ஓரமா வருது, ஒண்ணுலயும் இல்ல. பதில் தெரியாத கேள்வியில டிக் போடச் சொன்னீங்க. இதுக்குக் கட்டமே இல்ல. இப்பவாவது சொல்லுங்க. சொல்லத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க."

"தெரியல" என்றார் நப்பின்னை.

எழுத்தர் மூன்றாவது முறையாக வந்து நின்றார். மேடம், நாலு ஆகப்போகுது என்றார்.

நப்பின்னை படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். பேனாவைத் திறந்தார். அர்த்தநாரியின் முகத்தைப் பார்த்தபடியே தாளில் ஓரிடத்தில் டிக் போட்டார். மேல்பாதியைக் கையால் மறைத்து, அடியில் அவர் கையெழுத்தை வாங்கினார். மடித்து, கட்டுக்குள் செருகி, நூலை இறுக்கி, எழுத்தரிடம் கொடுத்தார். எழுத்தர் போய்விட்டார்.

எல்லாம் அரை நிமிடத்தில் முடிந்தது. அர்த்தநாரி எழுந்தார், உட்கார்ந்தார்.

"எதுல போட்டீங்க மேடம்?"

"நான் பாக்கல."

நப்பின்னை கைப்பையில் தண்ணீர் பாட்டிலைத் தேடி எடுத்தார். மூடியைத் திறந்து, குடிக்காமல், திரும்ப மூடினார்.

"காலையில அஞ்சரைக்கு அங்க இருக்கணும்னா எத்தனை மணி பஸ்ஸுக்கு ஏறணும்?" என்று கேட்டார்.